ஊருக்கொரு எண்ணிம நூலகம்: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் புதிதாகத் தொடங்குவோருக்கு

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வீட்டுக்குக் கூத்துக் கொப்பி தேடிப் போயிருந்தோம். கூத்துப் பழக்கிய அண்ணாவியார் காலமாகிச் சில வருடங்கள். அவருடைய மனைவி தேத்தண்ணி தந்தார், நெடுநேரம் கதைத்தார், ட்ரங்குப் பெட்டியை மட்டும் திறக்கவில்லை. வாசலில் செருப்புப் போடும்போதுதான் காரணம் சொன்னார்: "முந்தி வந்த புள்ளையளும் நல்ல புள்ளையள்தான் மனே. ரெண்டு கொப்பி கொண்டு போனவங்க. மறுகா வரவேயில்ல."

அந்தக் கொப்பிகள் எங்கோ ஒரு கணினியில் படங்களாக இருக்கலாம். அந்த வீட்டின் கணக்கில் அவை தொலைந்தவை. எண்ணிம (டிஜிட்டல்) நூலகம் தொடங்கப்போகிறோம் என்று என்னிடம் வருகிறவர்களுக்கு முதலில் இதைத்தான் சொல்கிறேன். நீங்கள் தட்டும் கதவை உங்களுக்கு முன்னரே யாரோ தட்டியிருக்கிறார்கள். அவர்கள் எப்படி நடந்தார்கள் என்பதிலிருந்துதான் உங்கள் வேலை தொடங்குகிறது.

கீழே உள்ளவை சனசமூக நிலையம், பாடசாலைப் பழைய மாணவர் சங்கம், வாசிகசாலை, கோயில் அல்லது பள்ளிவாசல் நிர்வாகம் போன்ற சிறிய இடங்களிலிருந்து தொடங்குவோருக்கானவை. பெரிய நிதியோ பெரிய கட்டடமோ தேவையில்லை. ஐந்தாறு பேர் ஒரு வருடம் விடாமல் கூடினால் போதும்.

ஸ்கேனர் வாங்குவதற்கு முன்

கையில் காசு சேர்ந்ததும் எல்லோரும் இயந்திரம் வாங்கப் போகிறார்கள். பொறுங்கள். முதலில் பத்துப் பேரைத் தேடிப் பேசுங்கள்: உயர்தர மாணவி, ஆசிரியர், வயல் செய்பவர், மீன்பிடிச் சங்கத்துக்காரர், வண்ணக்கர் (கோயில் நிர்வாகி), மௌலவி, வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர், பார்வையற்ற ஒருவர் இப்படி. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் "எல்லாம் வேணும்" என்றுதான் பதில் வரும். "கடைசியாக எதைத் தேடிக் கிடைக்காமல் விட்டீர்கள்?" என்று கேளுங்கள். அப்போது பதில் துல்லியமாக வரும். ஒருவர் தாத்தா படித்த பாடசாலையின் பழைய மலரைத் தேடியிருப்பார். இன்னொருவர் 1978 நவம்பர் சூறாவளிக்கு முன் தன் ஊர் எப்படி இருந்தது என்று ஒரு படம் தேடியிருப்பார்.

அவர்கள் எதில் தேடுகிறார்கள் என்பதையும் பக்கத்தில் இருந்து பாருங்கள். அநேகமாகக் கைப்பேசியில், டேட்டாவை எண்ணி எண்ணித்தான் தேடுவார்கள். 80 மெகாபைட் பிடிஎஃப் ஒன்றை நீங்கள் பெருமையோடு ஏற்றி வைத்தாலும் அது அவர்களுக்குத் திறக்கப்போவதில்லை. இதை முதல் மாதமே அறிந்தால் பிறகு எடுக்கும் தொழில்நுட்ப முடிவுகளில் பாதி தானாகவே தீரும்.

இன்னொன்று: 2005இலிருந்து நூலக நிறுவனம் இலங்கைத் தமிழ் ஆவணங்களை எண்ணிமமாக்கி இலவசமாக வாசிக்கத் தருகிறது. அங்கே ஏற்கெனவே உள்ளதை மறுபடி ஸ்கேன் செய்து நாளை வீணாக்க வேண்டாம். அவர்களால் எளிதில் எட்ட முடியாத ட்ரங்குப் பெட்டிகள், கொப்பிகள், கல்யாணப் படங்கள், கசெட்டுகள்தான் உங்கள் வேலை. உங்களுக்கு அந்தக் கதவுகள் தெரியும்.

யார் யார் ஒரு பாயில் இருக்க வேண்டும்

தகவல் தொழில்நுட்பம் படித்த பிள்ளைகள் மட்டும் சேர்ந்து செய்தால் அழகான தளம் வரும், உள்ளே இருப்பது என்னவென்று யாருக்கும் புரியாது. நூலகவியல் படித்தவர்கள் மட்டும் சேர்ந்தால் பட்டியல் செம்மையாக இருக்கும், தளம் கைப்பேசியில் நகராது. கலைஞர்கள் மட்டும் சேர்ந்தால் பொருள் குவியும், மூன்று வருடத்தில் எந்தக் கோப்பு எது என்று தெரியாமல் போகும்.

ஆகவே ஒரு நூலகர், ஒரு கணினிக்காரர், ஊர் வழக்கம் தெரிந்த ஒருவர், ஒரு சட்டத்தரணி (மாதம் ஒரு மணி நேரம் தந்தாலே போதும்), வாசகர் பக்கத்திலிருந்து ஒருவர் என்று ஐந்து பேரை முதலில் சேருங்கள். இந்த மாவட்டங்களில் ஆட்பஞ்சம் இல்லை. வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம், கல்லடியில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் எல்லாம் பஸ் தூரத்தில்தான் இருக்கின்றன. இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் பிள்ளைகளும் அங்கே இருக்கிறார்கள்.

முதல் கூட்டத்தில் சண்டை வரும். பெரும்பாலும் அது கருத்துச் சண்டையாக இருக்காது, சொற்சண்டையாக இருக்கும். "பிரதி" என்ற ஒரு சொல்லை எடுங்கள். கூத்துக்காரருக்குப் பிரதி என்றால் ஆட்டத்தின் பாடம். நூலகருக்கு அலுமாரியில் உள்ள எண்ணிக்கை. கணினிக்காரருக்குப் பாதுகாப்புக்காக எடுத்து வைக்கும் நகல். "பதிவு" இன்னும் மோசம்: ஒலிப்பதிவும் பதிவு, பட்டியலில் ஒரு வரியும் பதிவு, கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) போடுவதும் பதிவு. ஒரு மணி நேரம் ஒருவரையொருவர் மறுத்துப் பேசிவிட்டு, மூவரும் ஒன்றையேதான் சொன்னோம் என்று கண்டுபிடித்த கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன். ஒரு அப்பியாசக் கொப்பி வாங்கி, அதில் உங்கள் குழுவுக்கான சொற்களையும் பொருளையும் எழுதுங்கள். சந்தேகம் வரும்போதெல்லாம் அதில் ஒரு வரி சேருங்கள். எங்களுக்கு வேறெந்தக் கருவியையும் விட அந்தக் கொப்பிதான் அதிகம் உதவியது. எடுத்த முடிவும், அதன் காரணமும், அன்றைய திகதியும் அதிலேயே இருக்கட்டும்.

அனுமதி: மூன்று கேள்விகள்

ஒரு தாளைக் கையில் எடுத்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தத் தாள் யாருடையது? இதில் உள்ள ஆக்கம் யாருடையது? இதில் யாருடைய வாழ்க்கை இருக்கிறது? பலர் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுகிறார்கள். கல்யாணப் படம் ஒன்றை எடுத்தால் படம் ஒரு வீட்டுடையது, எடுத்தவர் ஸ்டூடியோக்காரர், அதில் நிற்பவர்களில் இருவர் இன்று வேறு நாட்டில் வேறு வாழ்க்கை வாழ்பவர்கள்.

ஆக்கத்தைப் பற்றிச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியரின் வாழ்நாளும் அவர் இறந்த பின் 70 ஆண்டும் பதிப்புரிமை உண்டு. சுவாமி விபுலானந்தர் 1947இல் மறைந்தார். 70 ஆண்டுக் கணக்கில் பார்த்தாலும் அவர் எழுதியவற்றுக்கான காலம் 2017இல் முடிந்துவிட்டது. ஆனால் அவருடைய கட்டுரைகளைப் பிற்காலத்தில் ஒருவர் முன்னுரையும் குறிப்பும் எழுதிப் பதிப்பித்திருந்தால், அந்த முன்னுரையும் குறிப்பும் பதிப்பித்தவருக்கே உரியவை. நாட்டார் வெளிப்பாடுகளுக்கும் அதே சட்டத்தில் இடம் உண்டு. எழுதியவர் பெயர் இல்லை என்பதற்காகப் வயற்களத்துப் பொலிப்பாட்டோ நாட்டார் கவியோ கேட்பாரற்ற பொருளாகிவிடாது.

சட்டம் விட்டாலும் ஊர் விடாத பொருள்கள் இருக்கின்றன. பூசை முறை எழுதிய கோயில் பத்ததி ஏடு ஒரு வீட்டில் இருக்கும். அதைக் கையாளும் உரிமை பூசை செய்யும் கப்புகனாருக்கோ கட்டாடியாருக்கோ இருக்கும். வீட்டுக்காரர் சரி என்றால் போதாது. எந்தக் குடிக்கு (தாய்வழிக் குலத்துக்கு) எந்த மரியாதை என்று எழுதிய கோயில் ஏடு இன்னும் கவனமாகத் தொட வேண்டியது. அதை இணையத்தில் போட்ட மறுநாளே அது ஒரு வழக்கில் சான்றாக நிற்கலாம். எல்லாக் குடிகளின் வண்ணக்கரையும் ஒன்றாக இருத்தி, ஏட்டை நடுவில் வைத்து, என்ன செய்வது என்று கேளுங்கள். அவர்கள் "வேண்டாம்" என்றால் அது முடிவு. கண்ணகி அம்மன் கோயிலில் வைகாசிச் சடங்கு நேரத்தில் மட்டும் பாடும் குளிர்த்திப் பாட்டை வேறு மாதத்தில் ஒலிப்பதிவுக்காகப் பாடச் சொல்லாதீர்கள். சடங்கு வரும் வரை காத்திருங்கள்.

இதற்காகவே மூன்று வாசல் வைக்கச் சொல்கிறேன். எல்லோருக்கும் திறந்தது ஒன்று. வாசிகசாலைக்கு நேரில் வந்து பார்க்க மட்டும் ஒன்று. குறித்த ஆண்டு வரை யாருக்கும் காட்டாமல் பாதுகாப்பது ஒன்று. எந்தப் பொருள் எந்த வாசல் என்பதைத் தந்தவர் தீர்மானிக்கட்டும், பின்னர் மனம் மாறவும் உரிமை இருக்கட்டும்.

யுத்தகாலக் கதைகளைப் பதிவுசெய்ய நினைப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். காணாமல்போன மகனைப் பற்றித் தாய் ஒருவர் பேசும்போது உளவளத்துணை தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாவிட்டால் பதிவைத் தொடங்க வேண்டாம். பேசி முடிந்ததும் அந்த உணர்ச்சியிலேயே கையெழுத்து வாங்க வேண்டாம். ஒரு கிழமை கழித்துப் போய்ப் பதிவைப் போட்டுக் காட்டி, அப்போது கேளுங்கள். பெயரை மறைத்தால் போதும் என்றும் நம்பாதீர்கள். சின்ன ஊரில் வயது, தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை மூன்றும் சேர்ந்தால் அதுவே பெயர். தனிப்பட்ட தரவுகளைக் காக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. உங்கள் சட்டத்தரணியிடம் அதை வாசித்து விளக்கச் சொல்லுங்கள்.

அனுமதிக் கடிதம் ஒரு பக்கம், பேச்சுக்கு நெருங்கிய தமிழில். வாசித்துக் காட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் குரலில் சொன்னாலும் போதும், அதைப் பதிவுசெய்து வையுங்கள். ஒரு நகல் அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும்.

படம் எடுப்பது

மூலத்தை வீட்டிலிருந்து எடுத்துப் போகாதீர்கள். கமராவை வீட்டுக்குக் கொண்டு போங்கள். ஒரு ஸ்டாண்ட், இரு பக்கமும் சாய்வாக இரண்டு வெள்ளை விளக்கு, ஒரு கறுப்புத் துணி போதும். முதுகு விட்ட பழைய புத்தகத்தைத் தட்டை ஸ்கேனரில் அமுக்கினால் அது உடையும், மேலிருந்து எடுக்கும் கமராவில் உடையாது. தவிர்க்க முடியாமல் எடுத்துப் போனால் திருப்பித் தரும் திகதி எழுதிய பற்றுச்சீட்டுக் கொடுங்கள். அந்தத் திகதிக்கு முதல் நாளே போங்கள்.

அங்குலத்துக்கு 300 புள்ளி சாதாரண அச்சுக்குப் போதும். படத்துக்கும் பொடி எழுத்துக்கும் 600. கறுப்பு வெள்ளைத் தாளையும் நிறத்திலேயே எடுங்கள், மங்கிய மையும் பென்சில் குறிப்பும் அப்போதுதான் தெரியும். ஏ4 பக்கம் ஒன்று 300 புள்ளியில், நிறத்தில், சுருக்காமல் ஏறக்குறைய 26 மெகாபைட் வரும். 200 பக்கக் கொப்பி 5 கிகாபைட்டைத் தாண்டும். அந்தப் பெரிய கோப்பு காப்பதற்கு, யாரும் தொடக்கூடாது. அதிலிருந்து சின்னப் பிடிஎஃப் ஒன்று வாசிப்பதற்கு.

ஒலிக்கும் இதே முறைதான். 48 கிலோஹேர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோவில் ஒரு மணி நேரம் ஏறக்குறைய ஒரு கிகாபைட். வழக்கமான வேவ் கோப்பு 4 கிகாபைட்டுக்கு மேல் வளராது. விடியவிடிய நடக்கும் வடமோடிக் கூத்தைப் பதிவுசெய்யும்போது கருவி தானாகக் கோப்பைப் பிரிக்கிறதா என்று முதல் நாளே சோதியுங்கள். மத்தளத்துக்கு மிக அருகில் மைக் வைத்தால் பாட்டு அமுங்கும். களரியை (கூத்தாடும் இடத்தை) சுற்றி நடந்து பார்த்து இடம் தெரிவுசெய்யுங்கள், அண்ணாவியாரிடமும் கேளுங்கள். அவருக்குத் தெரியும்.

காத்தான்குடி, சம்மாந்துறை, அக்கரைப்பற்று பக்கங்களில் அரபுத்தமிழ் ஏடுகள் கைக்கு வரலாம். எழுத்து அரபு, மொழி தமிழ். பக்கம் வலமிருந்து இடமாகப் போகும். வழக்கமான வரிசையில் எடுத்தால் புத்தகம் தலைகீழாக முடியும். அதை வாசிக்கத் தெரிந்த மூத்தவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் எடுங்கள்.

விவரிப்பது: பாதி வேலை இங்கேதான்

பொருளைப் பற்றிய தகவலை மீதரவு என்கிறோம். உலகம் முழுவதும் நூலகங்கள் பயன்படுத்தும் டப்ளின் கோர் என்ற முறையில் 15 கூறுகள்தான்: தலைப்பு, ஆக்கியோர், பொருள், திகதி, மொழி, உரிமை இப்படி. ஒரு பிற்பகலில் படித்துவிடலாம். ஆனால் அந்தக் கூறுகளுக்குள் எதை எழுதுவது என்பதை நம் மண்தான் சொல்ல வேண்டும்.

இடத்தை எடுங்கள். அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிந்தது. 1892இல் காரைதீவில் பிறந்த விபுலானந்தரைப் பழைய நூல்கள் மட்டக்களப்பில் பிறந்தவர் என்று எழுதும், புதியவை அம்பாறை என்று எழுதும். இரண்டும் சரி. ஆகவே அன்றைய மாவட்டம், இன்றைய மாவட்டம் என்று இரண்டு வரி வேண்டும். இல்லாவிட்டால் கல்முனைப் பிள்ளை தன் ஊரைத் தேடும்போது 1961க்கு முந்தியது எதுவும் வராது.

திகதியும் அப்படித்தான். பழைய கடுதாசியில் "விரோதி வருஷம் ஆவணி" என்று இருக்கும். தமிழ் வருடப் பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருபவை. விரோதி 1889இலும் பிறந்தது, 1949இலும் பிறந்தது, 2009இலும் பிறந்தது. தாளையும் மையையும் பேசப்படும் ஆட்களையும் பார்த்துத்தான் எது என்று சொல்ல முடியும். மூலத்தில் உள்ளதை அப்படியே ஒரு வரியிலும், உங்கள் கணிப்பை இன்னொரு வரியிலும், கணித்தவர் யார் என்பதையும் எழுதுங்கள். ஹிஜ்ரித் திகதிக்கும் அதே முறை.

சொல்தான் மிக முக்கியம். எங்களூரில் வேளாண்மை என்றால் நெல். வேளாண்மை வெட்டு, வட்டை, சூடு, களவெட்டி, போடியார், முல்லைக்காரன் என்று ஒரு பெரியவர் ஒரு மணி நேரம் பேசியிருப்பார். பட்டியலில் நீங்கள் "நெற்செய்கை, அறுவடை" என்று மட்டும் எழுதினால் அவருடைய பேரன் வீட்டில் கேட்ட சொல்லால் தேடும்போது தாத்தாவின் குரல் கிடைக்காது. வட்டாரச் சொல் மட்டும் எழுதினால் யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ இருக்கும் ஆய்வாளருக்குக் கிடைக்காது. இரண்டையும் எழுதுங்கள். மொழியியல் படித்தவரும் வயல்காரரும் சேர்ந்து இருந்து செய்ய வேண்டிய வேலை இது. எனக்கு இந்த முழு வேலையிலும் பிடித்த இடமும் இதுதான்.

அடுத்தது எழுத்து. பழைய கணினிக் கோப்புகள் பாமினி எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். எல்லாவற்றையும் எந்தக் கணினியும் வாசிக்கும் யூனிகோடுக்கு மாற்றுங்கள், மூலக் கோப்பையும் வைத்திருங்கள். யூனிகோடிலும் பொறி உண்டு. "கொ" என்பதன் கொம்பையும் காலையும் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டு குறியீடாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடுபொறிக்கு வேறு. "மௌனகுரு" என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் "ள" என்ற எழுத்தைத் தட்டுபவர்கள் ஏராளம். இவற்றை ஒரே வடிவுக்குக் கொண்டுவரும்படி கணினிக்காரரிடம் ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுக்க டெசராக்ட் போன்ற இலவச மென்பொருள் தமிழுக்கும் உண்டு. ஆனால் பழைய அச்சில் "லை", "ணை" ஆகியவற்றுக்குத் துதிக்கை போட்ட வடிவமும், "றா", "னா" ஆகியவற்றுக்குச் சுழித்த வடிவமும் இருக்கும், அங்கே அது தடுமாறும். மனிதக் கண் திருத்தாத உரையை "திருத்தப்படாதது" என்று வெளிப்படையாகக் குறியுங்கள். நம்பகத்துக்கு அந்த ஒரு சொல் போதும்.

மென்பொருள்

இதில் நேரம் செலவழிக்காதீர்கள். நியூசிலாந்தின் வைக்காட்டோ பல்கலைக்கழகத்தில் உருவான கிரீன்ஸ்டோன், பல்கலைக்கழகங்கள் அதிகம் வைத்திருக்கும் டிஸ்பேஸ், சின்னக் குழுவுக்கு எளிதான ஒமேக்கா எல்லாம் இலவசம். யார் எதைப் பார்க்கலாம் என்பதைச் சமூகமே தீர்மானிக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு, அவுஸ்திரேலியாவின் வருமுங்கு மக்களுடன் வேலைசெய்து உருவானது முக்குர்த்து. மூன்று வாசல் முறைக்கு அது பொருந்தும். எதை எடுத்தாலும் ஒரு கேள்வி: நாளைக்கு இதை விட்டு வெளியேற வேண்டுமென்றால் கோப்பையும் மீதரவையும் ஒன்றாக வெளியே எடுக்க முடியுமா? முடியாது என்றால் வேண்டாம். தளம் தயாரானதும், பார்வையற்ற வாசகர் ஒருவரை, திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் திரைவாசிப்பானோடு இருத்தி, ஒரு பாட்டைத் தேடிக் கேட்கச் சொல்லுங்கள். அவர் தடுமாறும் இடத்தையெல்லாம் திருத்துங்கள்.

காப்பது

1978இல் சூறாவளி, 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிப்பு, 2004 டிசம்பர் 26இல் கடல். எங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்று நகல், இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வேறிடத்தில். வேறிடம் என்றால் கல்லடியில் ஒன்றும் நாவலடியில் ஒன்றும் என்பதல்ல. அவை இரண்டும் ஒரே அலைக்குள் போகும். கண்டியிலோ பதுளையிலோ நம்பிக்கையான ஒருவரிடம் ஒரு வன்தட்டு இருக்கட்டும். ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் என்ற எண்ணை எடுத்து எழுதி வையுங்கள், அது கோப்பின் கைரேகை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒப்பிட்டால் எது பழுதானது என்று தெரிந்துவிடும். தைப்பொங்கலுக்கும் ஆடி அமாவாசைக்கும் என்று நாள் குறித்துவிட்டால் மறக்காது.

திருப்பிக் கொடுப்பது

தளத்தில் ஏற்றிய அன்றைக்கே வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். அச்சிட்டுக் கட்டிய ஒரு படியையும் ஒரு பென்ட்ரைவையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போங்கள். இருந்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்போதுதான் பிழைகள் வெளியே வரும்: இந்த விருத்தம் அவர் பாடியதல்ல, இந்தப் படத்தில் நிற்பவர் மூத்த மச்சான் அல்ல, இளைய மச்சான். திருத்தம் சொன்னவர் விரும்பினால் அவர் பெயரோடு பதியுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் திருத்தம் சொல்லவும் நீக்கக் கேட்கவும் ஒரு வழி இருக்க வேண்டும். தொலைபேசி எண்ணாக இருந்தால் நல்லது, எங்கள் பெரியவர்கள் மின்னஞ்சல் எழுதமாட்டார்கள். நீக்கச் சொல்லி வந்தால் முதலில் மறைத்துவிட்டுப் பிறகு விசாரியுங்கள்.

ட்ரங்குப் பெட்டி திறக்காத அந்த வீட்டுக்கு, பக்கத்துத் தெருவில் எடுத்த கொப்பியின் அச்சுப் படியோடு இரண்டாம் முறை போனோம். அவர் அதை மடியில் வைத்து நெடுநேரம் புரட்டினார். மூன்றாம் முறை போனபோது பெட்டி திண்ணையில் இருந்தது.

நீங்கள் இல்லாத நாளுக்கு

இப்படித் தொடங்கியவற்றில் பல, கடவுச்சொல் தெரிந்த ஒருவர் கட்டாருக்கோ கனடாவுக்கோ போனதோடு நின்றுபோயிருக்கின்றன. கடவுச்சொற்களை மூடிய கடித உறையில் இருவரிடம் தனித்தனியாக வையுங்கள். தளப் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் கட்டும் திகதியைக் குழுவில் எல்லோரும் அறிந்திருக்கட்டும், பெயர் தனியாள் பெயரில் இல்லாமல் சங்கத்தின் பெயரில் இருக்கட்டும். குழு கலைந்தால் சேகரிப்பு எந்த நிறுவனத்துக்குப் போகும், மூடிய வாசல்கள் அங்கேயும் மூடியே இருக்குமா என்பதை அந்த நிறுவனத்தோடு இப்போதே எழுத்தில் பேசி முடியுங்கள். அந்தக் கடிதத்தின் ஒரு நகல், பொருள் தந்த ஒவ்வொரு வீட்டிலும், அனுமதிக் கடிதத்தோடு சேர்த்து இருக்க வேண்டும்.